சின்னப் பிள்ளையோடு கோலாலம்பூரில் வெளியே போய் வர: அரை நாளுக்கான முழுமையான வழிகாட்டி

என் மகனுக்கு இரண்டு வயது முடிந்த வாரம், நானும் வீட்டுக்காரரும் ஒரு சனிக்கிழமைக்கு மூன்று இடங்களைக் குறித்து வைத்தோம். காலையில் பறவைப் பூங்கா, மதியம் வாழையிலைச் சாப்பாடு, சாயங்காலம் இரட்டைக் கோபுரத்தடியில் உள்ள கேஎல்சிசி பூங்கா நீரூற்று. 20.9 ஏக்கர் பறவைப் பூங்காவில் அவன் நின்று பார்த்தது இரண்டே இரண்டுதான்: ஒரு மயில், ஒரு குப்பைத்தொட்டி. சாப்பாட்டுக் கடையில் அப்பளத்தைக் கையில் பிடித்தபடியே தூங்கிப் போனான். நான்கு மணிக்கு இடியோடு மழை பிடித்துக்கொண்டது. கார் நிறுத்துமிடத்தில் அவன் அழ, நான் முறைக்க, இவர் போனில் வானிலையைப் பார்க்க, நீரூற்றைப் பார்க்காமலே வீடு வந்து சேர்ந்தோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம். ஒரு நாளைக்கு ஒரு இடம். மதியச் சோற்றுக்கு வீடு. இப்போது அவனுக்கு நான்கு வயது. இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு, தோழிகளின் குடும்பங்களோடும் தனியாகவும், அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் வெளியே போய் வருகிறோம். ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு, நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. தூக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று பிறகு யோசிக்கலாம். பிள்ளை மதியம் எத்தனை மணிக்குத் தூங்கும்? அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் மகன் ஒரு மணிக்குத் தூங்குவான். அதற்கு முன் குளிக்க, சாப்பிட அரை மணி நேரம். ஆக 12:30க்கு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். திரும்பும் வழிக்கு 40 நிமிடம் என்றால் 11:50க்கு அங்கிருந்து நகர வேண்டும். சின்னப் பிள்ளையோடு 11:50க்கு நகர வேண்டுமென்றால் 11:30க்கே செருப்பைத் தேட ஆரம்பிக்க வேண்டும். காலை 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் விளையாட இரண்டரை மணி நேரம் கிடைக்கும். தாராளம்.

நம் ஊர் வானமும் இந்தக் கணக்குக்கு ஒத்துப்போகிறது. உலகிலேயே இடிமழை அதிகமாகப் பெய்யும் பகுதிகளில் கோலாலம்பூர்ப் பக்கமும் ஒன்று. காலையெல்லாம் வெயில் தரையைச் சூடாக்கும். மூன்று, நான்கு மணிக்கு மேல் கொட்டும். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது இன்னும் மோசம். இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழுவதால் எட்டு மணிக்கும் காற்றில் குளிர்ச்சி இருக்கும். 11 மணிக்கு மேல் சறுக்குமரத்தில் உட்கார்ந்தால் தொடை சுடும்.

முதல் நாள் இரவு இரண்டு விஷயம் பாருங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை புகைமூட்டக் காலம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டியிருந்தால் திறந்த வெளித் திட்டத்தை விட்டுவிடுங்கள். இரண்டாவது, ஞாயிறு காலை நகர மையத்துக்குக் காரில் போவதாக இருந்தால், ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் சில சாலைகளை அடைத்திருப்பார்கள். அதற்கேற்ப நேரத்தைத் தள்ளி வையுங்கள், அல்லது ரயிலில் போங்கள்.

2. யாரோடு போவது

இடத்தைவிட இது முக்கியம் என்பது என் கருத்து. பள்ளித் தோழி, உயிர்த்தோழி, பத்து வருடப் பழக்கம் எல்லாம் சரி. அவள் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது? பதினொரு மணிக்குத் தூங்கும் பிள்ளையும் இரண்டு மணிக்குத் தூங்கும் பிள்ளையும் ஒன்றாக வெளியே போனால், ஒரு தாய் நிம்மதியாக இருக்கும்போது இன்னொருத்தி தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருப்பாள். அப்படிப்பட்ட தோழியை நான் பிள்ளைகள் இல்லாமல், ஒரு சாயங்காலம் தே தாரிக் குடிக்கச் சந்திக்கிறேன். நட்பும் பிழைத்தது, பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

எண்ணிக்கை: இரண்டு குடும்பம் சுகம். மூன்று சமாளிக்கலாம். நான்காவது குடும்பம் சேர்ந்தால் அது திருமண வீடு. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தேடவே நேரம் போய்விடும்.

வாட்சாப் குழுவில் நேரம் போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. "காலையில பார்க்கலாம்" என்று போட்டால் ஒருவர் எட்டரைக்கும் ஒருவர் பத்தரைக்கும் வருவார்கள். "கிளம்பிட்டோம்க்கா" என்று செய்தி வந்தால் இப்போதுதான் குளியலறைக்குள் போகிறார்கள் என்று பொருள், எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் இப்படிப் போடுகிறேன்: "9 மணிக்கு விளையாட்டுத் திடல். 11:30க்கு நாங்க கிளம்பிடுவோம். லேட் ஆனாலும் பரவாயில்லை, நேரா உள்ளே வந்துடுங்க, வாசல்ல காத்திருக்க மாட்டோம்." முதல் தடவை படிப்பவர்களுக்குக் கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். இரண்டாவது தடவை அவர்களே அப்படித்தான் போடுவார்கள்.

அடுத்தது நோய். இதில் கூச்சமே கூடாது. கை, கால், வாய்ப்புண் நோய் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளிடம் நம் நாட்டில் அடிக்கடி பரவுவது. உள்ளங்கையில் ஒரு கொப்புளம், வாயில் புண், லேசான காய்ச்சல் என்று தொடங்கும். தொற்றிய பிறகு அறிகுறி தெரியவே மூன்று முதல் ஆறு நாள் ஆகும். உங்கள் பிள்ளையின் பாலர் பள்ளியில் யாருக்காவது வந்திருந்தால் குழுவில் சொல்லிவிடுங்கள். வருவதா வேண்டாமா என்று மற்றவர்கள் முடிவு செய்யட்டும். பையில் இருக்கும் கைசுத்திகரிப்பான் இந்தக் கிருமிக்கு அவ்வளவாக வேலை செய்யாது. சவர்க்காரமும் தண்ணீரும்தான். ஒருமுறை, "சும்மா வேர்க்குரு மாதிரி இருக்கு" என்று சொல்லி அழைத்து வரப்பட்ட ஒரு குட்டிப் பெண்ணால் மூன்று வீடுகளில் பிள்ளைகள் ஒரு வாரம் கஞ்சிகூடக் குடிக்க முடியாமல் கிடந்தார்கள். அந்தத் தாயிடம் யாரும் சண்டை போடவில்லை. அடுத்த குழுவில் சேர்க்கவும் இல்லை. முதலிலேயே சொல்லியிருக்கலாம், பாவம்.

பாலர் பள்ளி மூலம் மலாய், சீனக் குடும்பங்களும் நட்பாகும். கோலாலம்பூரில் பிள்ளை வளர்ப்பதில் எனக்குப் பிடித்தது இது. வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுபோனால், மற்ற பிள்ளைகளின் கையில் கொடுப்பதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஹலால், சைவம், கடலை ஒவ்வாமை என்று ஏதாவது ஒன்று இருக்கும். பழம் கொண்டுபோனால் இந்தக் கேள்விகளில் பாதி தேவைப்படாது. வெட்டிய கொய்யாவும் தர்ப்பூசணியும் எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஆகும்.

3. ஒரே ஒரு இடம்

நாங்கள் இருப்பது செந்தூலில். என் மாமனார் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். பேரனுக்கு ரயில் பைத்தியம் பிடித்தது எங்கிருந்து என்று கேட்கத் தேவையில்லை. அதனால் முதலில் ரயிலையே ஒரு இடமாகச் சொல்கிறேன். செலவு குறைவு, மழை கிடையாது, வெயில் கிடையாது.

கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி நகர ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. 1998இல் தொடங்கிய காலத்திலிருந்தே தானாக ஓடுகிறது. ஆகவே முதல் பெட்டியின் முன்கண்ணாடிக்கு நேராகப் பிள்ளை நிற்கலாம். நாங்கள் செந்தூலில் ஏறி, மஸ்ஜிட் ஜாமேக்கில் இறங்கி, கீழே போய் இந்தத் தடத்துக்கு மாறுவோம். அங்கிருந்து சுரங்கம். முன்னால் தண்டவாளம் இருட்டுக்குள் வளைந்து போகும். தூரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரியும், அது பெரிதாகி நிலையமாகும். டாங் வாங்கி, கம்போங் பாரு, கேஎல்சிசி. நாங்கள் அங்கே இறங்குவதில்லை. அம்பாங் பார்க், டாமாய் தாண்டிப் போனால் ரயில் சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வெளிச்சத்துக்கு வரும். மகன் இரண்டு கையையும் கண்ணாடியில் அப்பி வைத்துக்கொண்டு, மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்க, "வருது... வருது... வந்துருச்சு!" என்று கத்துவான். பக்கத்தில் நிற்கும் பெரியவர்களும் சிரித்துவிடுவார்கள். டத்தோ கெராமாட்டில் இறங்கி, எதிர்த்திசை ரயிலில் ஏறி, மறுபடி கேஎல்சிசி. வேலை நாள் காலையில் இதைச் செய்யாதீர்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது.

கேஎல்சிசி பூங்கா 50 ஏக்கர். பிரேசில் நாட்டு நிலவடிவமைப்பாளர் ராபர்டோ பர்லே மார்க்ஸ் வடிவமைத்தது. நமக்கு வேண்டியது அதில் ஒரு மூலை: ரப்பர்த் தரை போட்ட விளையாட்டுத் திடல், அதன் அருகே பிள்ளைகள் கால் நனைத்து விளையாடும் ஆழமில்லாத குளம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. குளத்துக்கு மாற்றுத் துணி இல்லாமல் போகாதீர்கள். "பார்க்க மட்டும்தான்" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லி ஜெயித்தவர்கள் கிடையாது. மழை வந்தால் பக்கத்திலேயே பேரங்காடி, கழிப்பறை, சாப்பாடு. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

பத்துமலைக்கு செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயில் நேராகப் போகிறது. கேஎல் சென்ட்ரலில் ஏறுபவர்களுக்கும் அதே தடம்தான். 272 படி. மூன்று வயதுப் பிள்ளை ஐம்பது, அறுபது படி வரை சொந்தக் காலில் ஏறும், எண்ணிக்கொண்டே. அப்புறம் இரண்டு கையையும் தூக்கும். தள்ளுவண்டி அங்கே சுமைதான். முதுகில் கட்டும் துணி அல்லது பை கொண்டுபோங்கள். குரங்குகள் பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே சாப்பாடு என்று நினைத்து இழுக்கும். பால் புட்டி, பிஸ்கட் எல்லாம் ஜிப் போட்ட முதுகுப் பைக்குள் இருக்கட்டும், கையில் எதுவும் வேண்டாம். மேலே ஏறாவிட்டாலும் குற்றமில்லை. 42.7 மீட்டர் முருகன் சிலையின் காலடியில் நின்று கும்பிட்டுவிட்டு, முன்னால் உள்ள வெளியில் புறா துரத்தலாம். என் மகனுக்குப் பத்துமலை என்றாலே புறாதான். தைப்பூசத்தன்று மட்டும் இந்த வயதுப் பிள்ளையோடு போவதற்கு நான் இன்னும் துணியவில்லை.

இன்னும் இரண்டு: தேசிய அருங்காட்சியகத்தின் வெளியே பழைய ரயில் எஞ்சின் நிற்கிறது, எம்ஆர்டி ரயில் நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. உலு கிள்ளானில் உள்ள தேசிய விலங்குக்காட்சி சாலை 1963இல் திறந்தது. பரப்பு பெரிது, ஆகவே முழுவதையும் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு யானை, சிங்கம் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. பை

முதல் நாள் இரவே கட்டிவிடுங்கள். காலையில் கட்டினால் எதையாவது மறப்பது உறுதி, அதுவும் டயப்பராக இருக்கும்.

மாற்றுத் துணி இரண்டு செட். ஒன்று தண்ணீருக்கு, ஒன்று எதிர்பாராததற்கு. நீளக் கை சட்டை ஒன்று. வெளியே வெந்துவிட்டுப் பேரங்காடிக் குளிருக்குள் நுழைந்தால் ஈரத் தலையோடு தும்மல்தான். குடையைவிட மழைச்சட்டை நல்லது, பிள்ளையைத் தூக்கக் கை வேண்டுமே. கொசு மருந்து: டிங்கிக் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசு காலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகம் கடிக்கும், நாம் கிளம்புவது காலையில். தண்ணீர், ஈரத் துடைப்பான், காலி பிளாஸ்டிக் பை மூன்று. ஈரத் துணிக்கு ஒன்று, அழுக்கு டயப்பருக்கு ஒன்று, மூன்றாவது எதற்கென்று அங்கே போன பிறகு தெரியும்.

சில்லறையும் வேண்டும். சில பொதுக் கழிப்பறைகளில் 20, 30 சென் கேட்பார்கள். பிள்ளை "அம்மா, வருது" என்று நெளியும்போது ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டிக்கொண்டு நிற்க முடியாது. குந்தும் கழிப்பறையைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகள் உண்டு. டயப்பர் விட்டுப் பழகும் காலமாக இருந்தால், நல்ல கழிப்பறை எங்கே என்று போய் இறங்கியதுமே பார்த்து வையுங்கள். விளையாட்டுப் பொருள் எதுவும் வேண்டாம். ஒன்று கொண்டுபோனால் அதற்குத்தான் சண்டை வரும்.

5. கிளம்பும் காலை

வீட்டிலேயே பாதி பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு இட்லி, அரை வாழைப்பழம் போதும். வெறும் வயிற்றோடு ஏற்றினால் நெரிசலில் மாட்டும் நொடியில் பசி வரும். முழு வயிற்றோடு ஏற்றினால் வளைவுகளில் வாந்தி வரும்.

காரில் போனால் குழந்தை இருக்கை கட்டாயம். 2020 ஜனவரி 1 முதல் சட்டமாகவே ஆகிவிட்டது. "பக்கத்துலதானே போறோம், மடியில வச்சுக்கிறேன்" என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். 'டச் அண்ட் கோ' சாலைக்கட்டண அட்டையில் பணம் இருக்கிறதா என்று இரவே பார்த்துவிடுங்கள். ரயிலில் போனால் மின்தூக்கி எந்தப் பக்கம் என்று தெரிந்து வைத்திருப்பது தள்ளுவண்டிக்காரர்களுக்குப் பாதி வழியைக் குறைக்கும்.

வாசலை விட்டு இறங்கும் முன் பிள்ளையை நிற்க வைத்து ஒரு படம் எடுங்கள். முகநூலில் போட அல்ல. இன்று என்ன நிறச் சட்டை, என்ன செருப்பு என்று பதற்றத்தில் நமக்கு நினைவு வராது.

எனக்கு வரவில்லை. ஒரு பேரங்காடியின் துணிக்கடையில், விலைச்சீட்டைப் பார்க்கக் குனிந்து நிமிர்ந்தேன், பையன் இல்லை. கடைப்பெண் "என்ன நிறச் சட்டை அக்கா?" என்று கேட்டபோது நீலம் என்றேன். அன்று அவன் போட்டிருந்தது மஞ்சள். நான்கு நிமிடம் கழித்து, தொங்கிக்கொண்டிருந்த கவுன்களுக்கு நடுவே இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. உள்ளே நின்றுகொண்டு, துணிகள் முகத்தில் உரசுவதை ரசித்துக்கொண்டிருந்தான். அடிக்கவும் கை வரவில்லை, அழவும் முடியவில்லை. அன்றிலிருந்து அவன் முன்கையில் என் போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுகிறேன், குளித்தால் போய்விடும். "அம்மாவைக் காணோம்னா நகராதே, நின்ன இடத்துலயே நின்னு கத்து" என்பதையும் போகும் வழியெல்லாம் சொல்ல வைப்பேன்.

6. அங்கே போன பிறகு

பெரியவர்களில் ஒருவர் காவல். அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாறலாம். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை, பேச்சு அவ்வளவு சுவாரசியமாக இருக்கும். காவலில் இருப்பவர் கையில் போன் கூடாது.

பிள்ளைகள் சண்டை போடுவார்கள். தள்ளுவார்கள், கடிப்பார்கள்கூட. அடிபட்ட பிள்ளையை முதலில் தூக்குங்கள், அது யார் பிள்ளையாக இருந்தாலும். அடித்த பிள்ளையை அதன் அம்மாதான் கண்டிக்க வேண்டும். நாம் செய்யக்கூடியது நடுவில் போய் உட்காருவது மட்டும். "எங்க வீட்ல இதெல்லாம் கிடையாதுப்பா" என்ற ஒரு வாக்கியத்தை நாக்கிலேயே விழுங்கிவிடுங்கள். அதனால் பிரிந்த சிநேகிதம் எனக்கு ஒன்று தெரியும்.

இடி காதில் விழுந்தால் திடலை விட்டு உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மழை ஆரம்பிக்காவிட்டாலும். மரத்தடி ஒதுங்கும் இடம் அல்ல. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை திரும்ப வெளியே விடாதீர்கள்.

7. பசியாறல், காசு

பத்து மணி வாக்கில் பக்கத்து மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஒரு குழு போய் வரலாம், அல்லது எல்லோருமே போகலாம். ரொட்டி சானாய் போடும் இடத்துக்கு எதிர் மேசையைப் பிடியுங்கள். மாவு காற்றில் விரிந்து விரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே என் மகன் ஒரு ரொட்டி முழுவதையும் சாப்பிட்டுவிடுவான். வீட்டில் அதில் கால்வாசிக்கு நான் கெஞ்ச வேண்டும். குழம்பு காரமாக இருந்தால் சீனி தொட்டுக் கொடுங்கள், ஒரு நாளைக்குத்தானே. நாசி லெமாக் வாங்கினால் சம்பலைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். மைலோ ஐஸ் வேண்டாம், ஆறின மைலோ சொல்லுங்கள்.

பில் வந்ததும் இரண்டு அப்பாக்களும் "நான் கொடுக்கிறேன்" என்று கல்லாப் பக்கம் ஓடுவது நம் வழக்கம். பார்க்க அழகுதான். ஆனால் மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். எங்கள் ஏற்பாடு: ஒரு குடும்பம் நுழைவுச்சீட்டு, இன்னொரு குடும்பம் சாப்பாடு, அடுத்த முறை மாற்றி. கட்டணம் இல்லாத பூங்காவுக்குப் போகும் வாரத்தில் பாதிப் பாதி.

8. கிளம்ப வைப்பது

இதுதான் கடினமான வேலை. "அஞ்சு நிமிஷம்" என்றால் நான்கு வயதுக்குப் புரியாது. "இன்னும் மூணு சறுக்கு" என்றால் புரியும். நான் விரல்களைக் காட்டி எண்ணுவேன். மூன்றாவது சறுக்கு முடிந்ததும் கீழே நான் நிற்க வேண்டும், செருப்போடு. நான் பேச்சில் நின்று நான்காவதை விட்டேனோ, அடுத்த வாரம் "மூணு" என்ற சொல்லுக்கு மதிப்பே இருக்காது. மற்ற பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கும்போது நம் பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போவது ரணகளம். எனவே எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவது என்று முன்பே பேசி வையுங்கள்.

திரும்பும் வழியில் தூங்க விடாதீர்கள். காரில் பத்து நிமிடம் கண் அயர்ந்தால் போதும், வீட்டுக்கு வந்ததும் முழித்துக்கொண்டு, மதியத் தூக்கம் போய், சாயங்காலம் ஆறு மணிக்கு வீடே அதிரும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள், லாரிகளை எண்ணச் சொல்லுங்கள், ஒரு பிஸ்கட்டைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். செந்தூல் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் கடைசிப் பத்து நிமிடம் நான் வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டே வருவேன். தெருவில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறை, அப்புறம் ரசம் சோறு, அப்புறம் படுக்கை. அவன் தூங்கியதும் நீங்களும் பக்கத்தில் சாயத்தான் தோன்றும். சாயுங்கள், ஆனால் அதற்கு முன் பையைத் திறந்து ஈரத் துணியையும் மைலோ பெட்டியையும் வெளியே எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், அடுத்த வெள்ளி இரவுதான் ஜிப்பைத் திறந்தேன்.